மாற்று ஆள்

என் ஏஜென்சியின் விசிட்டிங் கார்டில் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘24 மணி நேரத்தில் மாற்று ஆள் உத்தரவாதம்.’ ஒன்பது வருடங்களுக்கு முன்பு அச்சகத்தில் உட்கார்ந்து நானே எழுதிக்கொடுத்த வரி அது. “இந்த ஒரு வரிக்கே கஸ்டமர் வருவாங்க மேடம்” என்றார் அச்சகக்காரர். வந்தார்கள். போன வருடம் என் தொழில் ஏறக்குறைய மூழ்கிப்போன வருடம். அந்த வருடத்தைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பணக்கணக்கைவிட இந்த வரிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி அறைதான் அலுவலகம். முதியவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களை அனுப்புகிறோம். பதிவேட்டில் 31 பெண்கள். லால்குடி, முசிறி, துறையூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். கணவனை இழந்தவர், பிரிந்து வந்தவர், மகள் கல்யாணக் கடனை அடைத்துக்கொண்டிருப்பவர் என்று ஆளுக்கு ஒரு காரணம். அவர்கள் போகிற வீடுகள் ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் கே.கே.நகரிலும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், அமெரிக்காவில். குடும்பம் மாதம் 24,000 ரூபாய் தரும். அதில் 20,000 வேலை செய்யும் பெண்ணுக்கு, 4,000 எனக்கு.

வருடத் தொடக்கத்தில் 26 வீடுகள் இருந்தன. எங்களுக்கு நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனை தானே வீட்டுப் பராமரிப்புப் பிரிவைத் தொடங்கியது. அங்கிருந்து வரும் போன் ஒரே மாதத்தில் நின்றது. செல்போன் செயலி வழியாக ஆள் அனுப்பும் நிறுவனங்கள் முதல் மாதம் தள்ளுபடி என்றன. ஆடி மாதம் வந்தபோது கையில் 14 வீடுகள். அதில் மூன்று குடும்பங்கள் இரண்டு மாதப் பணத்தை நிறுத்திவைத்திருந்தன. “அண்ணன் அனுப்புவான்”, “பேங்க்ல ஏதோ பிரச்சினை” என்று மாதம் ஒரு பதில். குடும்பம் தராவிட்டாலும் பெண்களுக்குச் சம்பளம் போக வேண்டும். என் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்து 1,20,000 ரூபாய் கொடுத்தேன்.

அந்தச் சங்கிலியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடகுக்கடைப் படி இறங்கும்போதே, நான் நல்ல முதலாளி என்று எனக்கு நானே சான்றிதழ் எழுதிக்கொண்டேன். கஷ்டப்படுகிறவள் தவறு செய்ய மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை நமக்குள் இருக்கிறது. பெண்ணாக, தனியாகத் தொழில் செய்கிறவளாக, அநியாயம் எனக்கு நடக்கும், என்னால் நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடி மாதம்தான் அந்த போன் வந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன, முப்பத்தெட்டு வயதுப் பெண். “அக்கா, எனக்கு இந்த வீடு வேண்டாங்க்கா. வேற வீடு பாருங்க” என்றார். குரல் மெதுவாக இருந்தது. அருகில் யாரோ கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல். நான் காரணம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் அந்தக் குரல் தெரியும். “சரிம்மா, காலைல ஆள் மாத்திடறேன்” என்றேன். இவ்வளவுதான் பேச்சு.

அந்த வீட்டில் இருந்தவர் இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஓய்வு பெற்ற அதிகாரி. மறதி நோய் வந்தவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்வது உண்டு. அதைக் கையாள எங்கள் பெண்களுக்குத் தெரியும். இவர் அப்படி இல்லை. தினமும் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர், பால் கணக்கைத் தேதிவாரியாகச் சொல்பவர். இன்னொன்றும் உண்டு. அவர் மகன் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பணம் அனுப்புவார். தனக்குத் தெரிந்த மூன்று வீடுகளையும் எனக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த 14 வீடுகளில் நான்கு அவரால் வந்தவை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐம்பத்தெட்டு வயதுள்ள ஒரு அக்காவை அங்கே அனுப்பினேன். வயதானவரை அனுப்பினால் பிரச்சினை இருக்காது என்பது என் கணக்கு. மகன் போன் செய்து, “சொன்ன மாதிரியே ஆள் அனுப்பிட்டீங்க, தேங்க்ஸ் மேடம்” என்றார். உத்தரவாதம் காப்பாற்றப்பட்டது. நான் அதை ஒரு ஷிப்ட் பிரச்சினையாகத் தீர்த்து முடித்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இளைய பெண் சம்பள பாக்கி வாங்க அலுவலகத்துக்கு வந்தார். பணத்தை எண்ணி வாங்கிப் பைக்குள் வைத்தார். எழுந்தவர், கதவருகே நின்று கேட்டார்: “அந்த வீட்டுக்குப் போன அக்கா நல்லா இருக்காங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வாரத்தில் நான் ஒருமுறைகூட அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் போன பிறகு பெரிய அக்காவுக்கு போன் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வயசாயிட்டா மட்டும் விட்டுருவானா? கையத் தட்டிவிட்டுட்டு வேலையப் பாக்குறேன். நீ ஏன் இப்பக் கேக்குற?”

நீ ஏன் இப்போது கேட்கிறாய் என்ற அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம்.

நான் செய்தது என்ன என்று மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். ஒருவரை ஆபத்திலிருந்து எடுத்தேன், அது உண்மை. ஆனால் அந்த ஆபத்து அதே கட்டிலில் அப்படியே இருந்தது. அதன் முன்னால் வேறொரு பெண்ணை நிறுத்தினேன். வெடித்த குழாயின் அடியில் நிரம்பிய வாளியை எடுத்துவிட்டு இன்னொரு வாளியை வைப்பது போல. பணக்கணக்கு இன்னும் மோசம். இளைய பெண்ணுக்கு அடுத்த வீடு கிடைக்க 12 நாள் ஆனது. அந்த 12 நாளுக்குச் சம்பளம் இல்லை. மாதம் 20,000 என்றால் அவருக்கு நஷ்டம் 8,000 ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை, எனக்கும் இல்லை. நடந்த தவறுக்கு அபராதம் கட்டியது ஒருவர் மட்டும்தான், அதுவும் தவறு செய்யாதவர்.

கல்லூரியில் தத்துவம் துணைப்பாடமாகப் படித்தபோது மனப்பாடம் செய்து எழுதிய ஒரு பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் விலைக்கும் மாண்புக்கும் ஒரு வேறுபாடு சொல்கிறார். விலை உள்ள பொருளின் இடத்தில் அதற்கு ஈடான இன்னொன்றை வைத்துவிடலாம். எதன் இடத்தில் ஈடாக எதையும் வைக்க முடியாதோ அதற்குத்தான் மாண்பு இருக்கிறது. மனிதர் அந்த இரண்டாவது வகை. பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் தந்த அந்த வேறுபாட்டின்படி பார்த்தால், நான் ஒன்பது வருடமாக விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்தது என்ன? ‘இந்தப் பெண்களின் இடத்தில் இன்னொருவரை வைக்கலாம், 24 மணி நேரம் போதும்’ என்றுதானே?

அன்று வாசித்ததோடு நிறுத்தியிருந்தால் குற்றவுணர்வோடு கட்டுரை முடிந்திருக்கும். ஆனால் இதே காண்ட் 1797இல் எழுதிய நூலில் குடிமக்களை இரண்டாகப் பிரிக்கிறார். வாக்குரிமை உள்ள செயல்படும் குடிமக்கள் ஒரு பக்கம். அது இல்லாத, பிறரைச் சார்ந்து வாழும் குடிமக்கள் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பட்டியலில் வீட்டு வேலை செய்யும் பணியாளர் இருக்கிறார், எல்லாப் பெண்களும் இருக்கிறார்கள். மாண்பைப் பற்றி இவ்வளவு அழகாகச் சொன்னவரின் வீட்டிலும் யாரோ சமைத்தார்கள், யாரோ படுக்கையைத் தட்டிப் போட்டார்கள். ஒருவருடைய மாண்பு நிம்மதியாகச் சிந்திப்பதற்கு இன்னொருவருடைய கை வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அந்தக் கை யாருடையது என்று பெரிய நூல்கள் பல கேட்டதே இல்லை.

ஆகவே ‘ஈடு செய்ய முடியாதவள்’ என்ற சொல்லையும் நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். என் மாமியார் பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். அந்த நான்கு வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டது நான். அப்போது வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்: “உன்னை விட்டா யாரு இருக்கா? உன் கை பட்டாதான் அம்மா சாப்பிடுறாங்க.” பாராட்டுதான் அது. அந்தப் பாராட்டு இருந்ததால் என் தங்கை பிரசவத்துக்கு நான் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை. மாமியாருக்கு மூன்று மகன்கள். மூவருக்கும் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தால் வேலையைப் பார்க்க மாற்று ஆள் உண்டு. எனக்கு மட்டும் இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை ஒருத்தி தினமும் கொடுப்பதற்கு அவள் ஈடு இணையற்றவள் என்று அவளை நம்பவைக்க வேண்டியிருக்கிறது. நான் இந்த ஏஜென்சியைத் தொடங்கியதே அதனால்தான். மாமியார் இறந்த பிறகு, ஒரு வாரமாவது மாற்று ஆள் கிடைத்திருந்தால் என்று அழுதேன். கிடைக்காதவர்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கார்டில் இருந்த அந்தச் சிவப்பு வரி என்னுடைய நான்கு வருடத்திலிருந்து வந்தது.

இங்கேதான் எனக்குச் சிக்கல். மாற்று ஆள் இல்லாமல் இருப்பது பெண்ணைக் கட்டிப்போடுகிறது. மாற்று ஆள் எளிதாகக் கிடைப்பது பெண்ணைப் பொருளாக்குகிறது. இரண்டும் உண்மை என்றால் எது சரி?

பல மாதம் இதையே சுற்றிச் சுற்றி யோசித்தேன். விடை கிடைத்தது என் பழைய டைரியில். போன வருடம் ‘ஆளை மாற்றுங்கள்’ என்று குடும்பங்கள் கேட்டபோதெல்லாம் காரணத்தை அதில் குறித்து வைத்திருந்தேன். ‘போன் பேசுகிறார்.’ ‘அதிகம் சாப்பிடுகிறார்.’ ‘அம்மாவுக்கு இவர் முகம் பிடிக்கவில்லை.’ ‘மகன் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்கிறார்.’ ‘எந்த ஆளுங்கன்னு மொதல்லயே சொல்லலையே.’ இந்தக் கடைசிக் காரணம் சாதி. ஸ்ரீரங்கத்தில் மட்டும் இல்லை, எல்லாப் பகுதியிலும், எல்லாச் சாதி வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் வாக்குவாதம் செய்ததில்லை. அந்தப் பெண்ணிடம் “அவங்களுக்கு வேற மாதிரி ஆள் வேணுமாம்” என்று சொல்லி வேறு இடம் பார்த்தேன்.

டைரி முழுக்க மாற்றக் கேட்டவர்கள் குடும்பங்கள்தான். வருடம் முழுவதிலும் ‘எனக்கு வேறு வீடு வேண்டும்’ என்று ஒரு பெண் கேட்டதாக ஒரே ஒரு குறிப்பு. ஆடி மாதத்தில். 31 பெண்களில் ஒருவருக்குத்தான் வீடு பிடிக்காமல் போனது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கேட்டால் சம்பளம் இல்லாமல் காத்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தெரியும் என்றுதான் அர்த்தம்.

மாற்றம் என்பதில் தவறில்லை. மாற்றச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் அந்த உரிமையைப் பணம் கொடுக்கிறவருக்கு மட்டும் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். அவருக்கு 24 மணி நேரத்தில் மாற்று ஆள் உண்டு. வேலை செய்கிறவருக்கு 24 மணி நேரத்தில் மாற்று வீடு என்ற உத்தரவாதம் எந்தக் கார்டிலும் இல்லை. வேலையில் ஒருவர் இடத்தை இன்னொருவர் நிரப்ப முடிவது அவருக்கு விடுதலையாகவும் இருக்கலாம், அவமானமாகவும் இருக்கலாம். மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போவதற்காக அவரே கேட்டு, திரும்பி வர இடமும் இருந்தால் அது விடுதலை. முகம் பிடிக்கவில்லை என்று பெட்டியோடு வாசலில் நிற்கவைத்தால் அவமானம். இரண்டிலும் நடப்பது ஒரே செயல்தான். முதலில் கேட்டது யார், செலவை ஏற்றது யார் என்பதுதான் வித்தியாசம்.

“பிடிக்கலைன்னா அவங்களும் கிளம்பலாமே, யார் தடுத்தா?” என்று ஒரு குடும்பத்தார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆடி மாத இரவை நினைத்துப் பாருங்கள். பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்த பெண், காலை எட்டு மணி வரை அந்த வீட்டில்தான் இருந்தார். பின்னால் ஒருநாள், அன்று இரவே ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். “ராத்திரி ஒண்ணுக்கு வந்தா யாருக்கா கூட்டிட்டுப் போறது? விழுந்துட்டா?” என்றார். காலையில் காபி கொடுத்து, மாத்திரை கொடுத்து, வந்த அக்காவிடம் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கியிருக்கிறார்.

அமெரிக்கத் தத்துவவாதி ஈவா கிட்டே, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள தன் மகளைச் சம்பளத்துக்கு வந்த பெண்களின் துணையோடு வளர்த்தவர். 1999இல் வந்த அவருடைய நூல் சொல்வது இதைத்தான். பிறரைச் சார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர், அந்தப் பொறுப்பினாலேயே தானும் பலவீனமான நிலைக்குப் போகிறார். மில் தொழிலாளி வேலையை நிறுத்தினால் இயந்திரம் நிற்கும். இவர் நிறுத்தினால் ஒரு மனிதர் கழிவறைக்குப் போக முடியாமல் கிடப்பார். அதனால் இவரால் சட்டென்று கிளம்ப முடியாது, பேரம் பேச முடியாது. பார்த்துக்கொள்கிறவரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் கிட்டே. அந்த ‘யாராவது’ யார் என்று தேடினால் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்தப் பெண்ணின் உழைப்பிலிருந்து மாதம் 4,000 ரூபாய் எடுப்பவள் நான்.

ஆனால் காகிதத்தில் நான் அப்படி இல்லை. குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தில் ‘எங்கள் நிறுவனம் பணியாளர்களை அறிமுகம் மட்டுமே செய்கிறது’ என்று இருக்கும். எல்லா ஏஜென்சிகளின் படிவத்திலும் இருப்பதைப் பார்த்து எழுதியது. பதிவேட்டில் 31 பெண்கள், கணக்கில் ஊழியர்கள் இருவர்: நானும் அலுவலக உதவியாளரும். பத்துப் பேர் வேலை செய்தால் ஈஎஸ்ஐ வரும், இருபது பேர் என்றால் பிஎஃப் வரும். இருவர் என்றால் எதுவும் வராது. நோயாளிகளின் டயப்பர் மாற்றி, புண்ணுக்கு மருந்து போடும் பெண்களுக்குத் தங்கள் முதுகுவலிக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. 20,000 ரூபாய் சம்பளத்துக்கு ஈஎஸ்ஐயில் என் பங்கு 3.25 சதவீதம், அதாவது 650 ரூபாய். அவர் பங்கு 150. இந்தக் கணக்கை ஒன்பது வருடத்தில் நான் போட்டுப் பார்த்ததே இல்லை. அவர்களை ஊழியர்களாக எண்ணாததால் போடத் தேவைப்படவில்லை.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை அதன் பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். அந்தச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். வீட்டு வேலை செய்யும் பெண் நேரடியாக வந்தாலும் ஏஜென்சி மூலம் வந்தாலும் அதற்குள் வருகிறார். ‘ஏஜென்சி’ என்ற சொல்லை அங்கே பார்த்ததும் என் பெயரையே அச்சில் பார்த்ததுபோல இருந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். என்னிடம் 31 பேர். நான் இருவர் என்று எழுதியிருந்ததால் குழு இல்லை. அந்த இரவு அவர் எனக்கு போன் செய்தபோது, மறுமுனையில் இருந்திருக்க வேண்டிய ஏற்பாட்டை நான் எண்ணிக்கையிலேயே இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் கவனித்தேன். வீட்டுப் பணியாளர் என்பதற்கான விளக்கத்தில், வேலை கொடுப்பவரின் குடும்ப உறுப்பினர் அதில் சேரமாட்டார் என்று இருக்கிறது. “எங்க வீட்ல ஒருத்தி மாதிரிதான் வெச்சிருக்கோம்” என்று எத்தனை குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன! நானும் பொங்கலுக்குப் புடவை கொடுக்கும்போது “நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்று பேசியிருக்கிறேன். பாசமாகச் சொன்னதுதான். ஆனால் சட்டம் எட்டிப் பார்க்காத இடத்தின் பெயரும் அதுதான். குடும்பத்தில் ஒருத்திக்கு வார விடுமுறை இல்லை, புகார் கொடுக்கும் இடம் இல்லை, சம்பள பாக்கி என்ற பேச்சே இல்லை. நான்கு வருடம் நான் இருந்த இடம் அது. அங்கிருந்து தப்பி வந்த நான் 31 பெண்களை அன்போடு அதே இடத்துக்கு அழைத்திருக்கிறேன்.

இளைய பெண்ணை வரச்சொல்லிப் பேசினேன். புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். “வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாருக்கா. வேண்டாம்” என்றார். சரி என்றேன். அவரை வற்புறுத்துவதும் இன்னொரு வகையில் அவருக்காக நான் முடிவெடுப்பதுதான். ஆனால் அன்று இரவே நான் “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் ஆக்கியது நான்தான். அவருக்கு அந்த 8,000 ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதை நான் கருணையாக நினைத்துக்கொள்ளாமல் இருக்க, பற்றுச்சீட்டில் ‘சம்பள பாக்கி’ என்று எழுதினேன்.

பெரிய அக்காவைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். அந்த மகனிடம் நேரில் போய்ச் சொன்னேன். பெண்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் நடத்தையால் இனி இங்கே பெண்களை அனுப்ப மாட்டோம், ஆண் உதவியாளரைப் பாருங்கள் என்றேன். “எழுபத்தாறு வயசு மேடம் அவருக்கு” என்றார். அடுத்த வாரமே அவரால் வந்த மூன்று வீடுகளும் போயின. 14இல் நான்கு போய் 10 ஆனது. இதைத் தியாகமாகச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் பயந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒருமுறை நினைக்கவும் செய்தேன்.

இப்போது 17 வீடுகள் இருக்கின்றன. சர்வீஸ் சார்ஜை 5,000 ஆக்கியிருக்கிறேன். வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு தாள் கொடுக்கிறேன். வீடு பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலேயே மாற்று வீடு கேட்கலாம், காத்திருக்கும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு என்று அதில் இருக்கிறது. பாதிதான், முழுச் சம்பளம் கொடுக்க இன்னும் முடியவில்லை. ஆறு மாதத்தில் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சொன்ன காரணம், அந்த வீட்டில் தனக்குத் தனித் தட்டு வைக்கிறார்கள் என்பது. இரண்டு வருடமாக அதே வீட்டில் இருந்தவர் அவர். ஈஎஸ்ஐக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோது ஆடிட்டர், “ஏன் மேடம் தேடிப்போய் மாட்டிக்கிறீங்க?” என்றார். விண்ணப்பித்திருக்கிறோம். பழைய பாக்கி எவ்வளவு கேட்பார்கள் என்று இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது. சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது.

போன மாதம் ஒரு செய்தி காதுக்கு வந்தது. அந்த வீட்டுக்கு இப்போது வேறொரு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போயிருக்கிறார். அந்த ஏஜென்சியை நடத்துபவரும் ஒரு பெண்தான். எனக்குப் பழக்கம் உண்டு. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, மறுக்கவுமில்லை. “இந்தத் தொழில்ல இதெல்லாம் இருக்கத்தானே செய்யும். கவலைப்படாதீங்க, நான் வயசானவங்களாப் பாத்துத்தான் அனுப்பியிருக்கேன்” என்றார்.

நான் எழுதிவைத்திருந்த அதே விடை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்காவிடம் என் போன் நம்பரைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். கொடுக்கிறேன் என்றார். இதுவரை போன் வரவில்லை. இரவில் போனைச் சைலண்டில் போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.